சீலையில் கட்டிய துவக்கு

போன கிழமை ஒரு நாள் காலை, கலேவெலச் சந்தியில் மாத்தளை பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். தோளில் கைப்பை. கக்கத்தில், காலஞ்சென்ற என் வீட்டுக்காரருடைய பழைய சாரத் துணியில் சுற்றிக் கட்டிய துவக்கு.

படித்ததும் பத்திரிகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறீர்கள், இல்லையா? பயப்படாதீர்கள். லைசன்ஸ் இருக்கிறது. தென்னந்தோட்டத்துக் குரங்குகளை விரட்ட அவர் வாங்கியது. அவர் போன பிறகு என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நான் இதுவரை ஒரு வெடியும் வைத்ததில்லை... அது குரங்குகளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

லைசன்ஸ் துவக்குகளை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, கொண்டுபோய்க் காட்ட வேண்டும். துவக்கு இருக்கிறதா, அதே துவக்குத்தானா, அதே ஆளிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குத் ‘துவக்குக் காட்டுறது’ என்று பெயர்.

முந்திய நாள் பள்ளிக்கூடத்தில், “நாளைக்கு லீவு வேணும் சார், துவக்குக் காட்டப் போகணும்” என்றேன். தலைமையாசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“யாருக்கு டீச்சர்?”

லீவு உடனே கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் துவக்குக் காட்டுவதற்குப் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சந்தைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘சகல துவக்குகளும் தோட்டாக்கள் அகற்றப்பட்டு, பாகங்கள் கழற்றப்பட்டு, சீலையினால் சுற்றிக் கட்டப்பட்ட நிலையிலேயே கொண்டுவரப்படல் வேண்டும்.’

அதாவது துவக்கைக் கொண்டு வா — ஆனால் அது துவக்கு மாதிரி இருக்கக் கூடாது! ஊரிலுள்ள துவக்கெல்லாம் ஒரே முற்றத்தில் கூடுகிற நாளில், அங்கே ஒரு துவக்கும் கண்ணில் படக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். அரசாங்கத்துக்கு எங்கள்மேல் இவ்வளவு சந்தேகம் இருக்கிறதே... நம்பித்தானே லைசன்ஸ் தந்தார்கள்? நம்பவில்லை என்றால் ஏன் தந்தார்கள்?

ஆனால் சந்தேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மிளகாய்த் தூள் வாங்கினால் முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் பையில் போடுவேன். ரேஷன் அரிசியை நிறுக்கும்போது தராசை அல்ல, முதலாளியின் விரலைத்தான் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்று முழுக்க அதே யோசனை.

பஸ் வருவதற்கு முன் சலீம் நானா வந்து சேர்ந்தார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த காணி அவருடையது. வயலும் மிளகாய்த் தோட்டமும். பரம்பரையாக இந்த ஊர்க்காரர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற மனிதர். நான் அந்த நோட்டீஸை வாசித்துச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “யாருட சீலை டீச்சர்?” என்பதுதான்.

“துணின்னு அர்த்தம் நானா. ஏதாவது பழந்துணி.”

“சீலையெண்டுதானே எழுதி ஈக்கிது?”

எழுதியிருந்ததை அப்படியே நிறைவேற்றியிருந்தார். அவருடைய மனைவியின் பூப்போட்ட நைலோன் சேலை — எங்கள் பக்கத்தில் சேலைக்கும் சீலை என்றுதானே பெயர்! — அதில் தலையிலிருந்து கால்வரை சுற்றி, மேலே தும்புக் கயிற்றால் இடைவெளியில்லாமல் இறுக்கிக் கட்டியிருந்தார். மெலிந்த மணப்பெண் ஒருத்தியைத் தோளில் தூக்கி வருகிற மாதிரி இருந்தது.

“எங்க வீட்டுல நேத்து ராத்திரி தொடங்கிப் பேச்சில்ல டீச்சர்,” என்றார். “நல்ல சீலையாம். போன பெருநாளைக்கு எடுத்ததாம்.”

“பழசு ஒண்ணும் இல்லையா?”

“கச்சேரிக்கிக் கொண்டுபோற சாமான். பழசுல கட்டினா மதிப்பா ஈக்குமா?”

வேறொரு காலமாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அன்று அவரோடு அவ்வளவு தாராளமாகச் சிரிக்க முடியவில்லை. காரணம் இருந்தது.

எங்கள் ஊரில் அப்போது எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளைக்கு முன் காட்டோரமாக, நானாவுடைய மிளகாய்த் தோட்ட எல்லையில் ஒரு கட்டுத்துவக்கு வெடித்திருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காட்டுப் பன்றி வருகிற தடத்தில் ஒரு இரும்புக் குழாயை மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டி, வெடிமருந்தும் ஈயமும் போட்டு, பாதைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்து வைப்பார்கள். பன்றியின் கால் நூலில் பட்டால் வெடி. கட்டிவைத்தவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நூலுக்குப் பன்றிக் கால் எது, மனிதக் கால் எது என்று தெரியுமா? அதனால்தான் சட்டத்தில் அதற்கு இடமில்லை. பிடிபட்டால் மறியல்தான், சிறைக்கம்பிதான்.

அன்று நூலில் பட்டது எங்கள் ஊர்ப் பொடியன் சிரிசேனவின் கால். இருபது வயதுகூட இருக்காது. மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டி வருமா என்று டாக்டர்மார் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

குழாயையும் கட்டையையும் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. கட்டியவன் யார் என்றுதான் தெரியவில்லை. எல்லை நானாவுடையது. அதனால் ஊர்ப் பார்வை அவர் பக்கம் போனது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை... தேத்தண்ணிக் கடையில் அவர் போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

எனக்கோ இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. வெடித்ததற்கு முந்தின கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நானா என்னிடம், “இந்தப் பண்டிக்கி ஒரு முடிவு கட்டத்தான் வேணும் டீச்சர்,” என்று சொல்லியிருந்தார். முடிவு என்றுதான் சொன்னார். ஆனால் கட்டுவது என்றும் சொன்னாரே! இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருக்கிற சந்தேகம் புளித்த மா மாதிரி, மூடி வைக்க வைக்கப் பொங்கிக்கொண்டுதான் வரும்.

பஸ் வந்தது. ஏறினால் உள்ளேயும் துவக்குகள்! சாக்கில் சுற்றியது, பாயில் சுற்றியது, ஒன்றுமே சுற்றாமல் முழங்காலுக்கிடையில் நிமிர்த்தி வைத்தது. எனக்குப் பின்சீட்டில் ஒருவருடைய குழாய் என் காதைப் பார்த்துக்கொண்டே வந்தது.

“தோட்டா இல்ல நோனா, பயப்பட வாணாம்,” என்றார்.

தோட்டா இல்லை என்று சொல்லப்பட்ட துவக்குகள்தானே எல்லாப் பத்திரிகையிலும் வெடிக்கின்றன? நான் எழுந்து இடம் மாறினேன்.

மாறி உட்கார்ந்த இடத்தில் பக்கத்தில் குணபால. சிரிசேனவின் அண்ணன். நானாவின் எல்லைக்கு அந்தப் பக்கத்து வயல்காரன். ஒரு கையில் வெறும் துவக்கு, மறு கையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல். துவக்கைக் காட்டிவிட்டுத் தம்பிக்குச் சோறு கொண்டு போகிறானாம். தினமும் போகிறான். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மல்லிக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

“கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவன் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு நாலந்தா தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறான் என்பது தோளைப் பார்த்தால் தெரிந்தது. நானா முன்சீட்டில் இருந்தார். அவன் ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி வாசலில் வரிசை. ஒரு கான்ஸ்டபிள் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். இங்கேதான் ஒரு வேடிக்கை. சட்டத்தை மீறித் துவக்கை வெறுமனே தோளில் போட்டு வந்தவர்களை அவர் நிறுத்தவே இல்லை! குழாயை மடக்கிப் பார்த்தார், தோட்டா இல்லை, போ என்றார். குணபாலவும் அப்படித்தான் போனான். துவக்கு துவக்காகத் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. என் முறை வந்தது. சாரக் கட்டைத் தொடக்கூட இல்லை. “நோனாட சாமான்” என்று ஒதுங்கி வழிவிட்டார். திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்தது நானா.

“என்ன இது?” கான்ஸ்டபிளுடைய கை அந்தப் பூப்போட்ட நைலோனில் பட்டதும் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் சிங்களம் வரும். நானாவுக்கும் வரும். ஆனால் அவர் முதலில் தமிழில் நினைப்பார், பிறகுதான் சொல்லைச் சிங்களமாக மாற்றுவார். சட்டப்படி சீலையில் கட்டி வந்த ஒரே ஆள் தான்தான் என்ற பெருமை வேறு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

“பெந்தப்பு துவக்குவக், ராலஹாமி!”

கட்டின துவக்கு என்றுதான் சொன்னார். சரியான சிங்களம்தான், ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் பாருங்கள் — தமிழில் கட்டின துவக்கு வேறு, கட்டுத்துவக்கு வேறு. சிங்களத்தில் ‘பெந்தப்பு துவக்கு’ என்றால் காதில் விழுவது ஒன்றுதான். பன்றிக்குக் கட்டிவைக்கிற துவக்கு!

கான்ஸ்டபிளின் முகம் மாறியது. அதற்குப் பிறகு நடந்த பேச்சை அப்படியே தமிழில் தருகிறேன்.

“யார் கட்டினது?”

“நான்தான் கட்டின.” சிங்களத்தில் அது, “மம பெந்தே.”

“எங்க வச்சுக் கட்டின?”

“வீட்டுல வச்சுத்தான்.”

“எப்ப?”

“நேத்து ராத்திரி.”

“நேத்து ராத்திரியா!” என்று அவர் கத்தினார். “எந்த ஊர்?”

“கலேவெல.”

முடிந்தது. அடுத்த நிமிஷம் நானாவின் தோளில் ஒரு கை, அந்தப் பூப்போட்ட கட்டில் ஒரு கை. முற்றத்து மாமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சார்ஜன்டிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வரிசை முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. எல்லோர் வாயிலும் அதே சொல்தான். பெந்தப்பு துவக்கு... பெந்தப்பு துவக்கு...

உள்ளதைச் சொல்கிறேன். உடனே ஓடிப்போய் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? என் கால் நகரவில்லை. ‘நான்தான் கட்டின’ என்று அவர் வாயால் கேட்டபோது எனக்கும் சந்தேகம் வந்தது. சீலையைத்தான் சொல்கிறார் என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ‘முடிவு கட்டணும்’ என்றவரும் இவர்தானே?

அதற்குள் சார்ஜன்ட் கட்டை அவிழ்க்கச் சொன்னார். தும்புக் கயிற்று முடிச்சு அவிழவில்லை. கத்தியால் அறுத்தார்கள். சேலையும் கொஞ்சம் கிழிந்தது. உள்ளே குழாய் தனி, கட்டை தனி. சட்டம் சொன்னபடி கழற்றியிருந்தார். கலேவெலக் காட்டிலிருந்து பொலிஸ் எடுத்துப் போனதும் குழாயும் கட்டையும்தானே!

“லைசன்ஸ் ஈக்கிது மாத்தயா,” என்றார் நானா. பயத்தில் அவர் சிங்களம் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“லைசன்ஸ் துவக்கை வீட்டுல வச்சுக்கிட்டு வேறொண்ணைக் கட்டலாம்தானே? யார் உன்னைக் கட்டச் சொன்னது?”

“அரசாங்கம்.”

“என்னது?”

“அரசாங்கம்தான் கட்டச் சென்ன...” நானாவின் கண் முற்றம் முழுக்கத் தேடியது. என்மேல் வந்து நின்றது. கை நீண்டது. “அந்தா நிக்கிறாங்க, அந்த டீச்சர்தான் வாசிச்சிச் சென்னாங்க. கட்டித்தான் ஆகணுமெண்டு.”

வரிசை இப்போது என் பக்கம் திரும்பியது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களைச் சந்தேகப் பார்வை பார்த்தே பழகியவளுக்கு, அந்தப் பார்வை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

போனேன். முடிந்தவரை நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். நோட்டீஸைச் சொன்னேன். சீலையைச் சொன்னேன். “இவர் சொல்ல வந்தது ‘பெந்தப்பு’ இல்லை, ‘ஒதப்பு’. கட்டினது இல்லை, சுற்றினது,” என்றேன்.

சார்ஜன்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“முதல்ல கட்டினது. இப்ப சுத்தினது. இன்னும் கொஞ்ச நேரம் போனா துவக்கே இல்லைன்னு சொல்வீங்க போல.” என் சாரக் கட்டைக் காட்டினார். “நோனா கையில இருக்கிறது என்ன? அதுவும் சுத்தினதா, கட்டினதா?”

எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கும்போல் பட்டது. ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் விளக்கம் சொல்வதே குற்றமாகிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? பேசினால் மழுப்புகிறான், பேசாவிட்டால் மறைக்கிறான்.

நானா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயலில் கதிர் பிடிக்கிற நேரம். துவக்கு போனால் அறுவடை பன்றிக்கு. அதுகூடப் பரவாயில்லை. மறியலுக்குப் போனால்? சலீம்தான் சிரிசேனவைச் சுட்டான் என்று பின்னேர பஸ்ஸில் கதை ஊருக்குப் போய்ச் சேர்ந்தால்? சிங்கள ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் மறிக்கிற ஊர் எங்கள் ஊர். அந்தக் கதை அவர் வீட்டு வாசலோடு நிற்குமா?

“கலேவெல ஆட்கள் வேற யாரு இருக்கு?” என்று கேட்டார் சார்ஜன்ட். யாரோ குணபாலவைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். காலில் வெடி பட்டவனுடைய அண்ணன் என்று சொன்னார்கள். சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

“உன் தம்பியைச் சுட்டவனைப் பிடிச்சாச்சு,” என்றார். “இந்த ஆள்தானே? எல்லையில தகராறு ஏதும் இருந்துச்சா?”

குணபால தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம்.

நானா தமிழிலேயே பேசினார். எங்கள் பக்கத்துச் சிங்கள ஆட்களுக்கும் எங்கள் தமிழ் விளங்கும். “குணபால, நீயே செல்லு. அவன் எங்கட வீட்டுல நோம்புக் கஞ்சி குடிச்சி வளர்ந்த பொடியன். அவனுக்கு நான் செய்வேனா?”

குணபால சோற்றுப் பார்சலைப் பார்த்தான். நானாவைப் பார்த்தான். அன்று முழுக்க அப்போதுதான் முதல் தடவையாக அவரை நேராகப் பார்க்கிறான்.

“இவர் இல்லை, மாத்தயா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“அதுதான் கேட்கிறேன். எப்படித் தெரியும்?”

குணபால தன் துவக்கை மேசைமேல் வைத்தான். பார்சலை மட்டும் விடவில்லை. பிறகு தரையில், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“மம பெந்தே,” என்றான்.

நானா வாசலில் சொன்ன அதே சொல். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாய்ந்து பிடித்தவர்கள், இப்போது அசையவில்லை. சார்ஜன்டுக்கே குழப்பம்.

“எதைக் கட்டினாய்? துணியிலயா?”

“இல்லை மாத்தயா. காட்டுல. பன்றிக்கு.” பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “மல்லி அந்தப் பக்கத்தால வருவான்னு எனக்குத் தெரியாது. ஒருநாளும் அந்தப் பக்கத்தால வரமாட்டான்...”

ஊரில் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. நானாவைச் சந்தேகப்பட்டேன். மேட்டுத் தோட்டத்துக் காவல்காரனைச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் ராத்திரி, செத்துப்போன என் வீட்டுக்காரர் எப்போதாவது கட்டிவைத்து மறந்துபோனதாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். ஒருவனை மட்டும் யோசிக்கவே இல்லை. தம்பிக்குச் சோறு சுமக்கிறவனை, பஸ்ஸில் தோள் குலுங்க அழுதவனை எப்படிச் சந்தேகப்படுவது? அவன் ஏன் நானா பக்கம் திரும்பவில்லை என்பதற்கு என்னிடம் எவ்வளவு நல்ல காரணம் இருந்தது!

அவன் சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் அவன் வயலும் தப்பியிருக்கும், அவனும் தப்பியிருப்பான். இதை எழுதும்போதும் எனக்கு அவனுக்காக இரக்கம் வருகிறது. அவன்மேல் கோபமும் இருக்கிறது — அந்தப் பொடியன் காலை நினைத்தால் நிறையவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, என்ன செய்ய?

அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் நின்று நானாவிடம் பார்சலை நீட்டினான்.

“நானா, இதை மல்லிக்குக் குடுங்க. ஆறிப்போயிரும்.”

நானா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

துவக்குகளைப் பார்த்து முடித்துத் திருப்பித் தந்தார்கள். நானாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சார்ஜன்ட் மட்டும் கிழிந்த சேலையைத் தானே மடித்துத் தந்தார். கான்ஸ்டபிள் ஒரு புதுக் கயிற்றைக் கொண்டுவந்து, “கட்டிக்கிட்டுப் போங்க,” என்றார்.

நானா இரண்டு எட்டுப் பின்னால் போனார். “அல்லாஹ்வே! அந்தச் சொல்ல மட்டும் செல்ல வாணாம் ராலஹாமி. நான் சும்மா சுத்திக்கிட்டே போறன்.”

ஆஸ்பத்திரிக்குள் துவக்கோடு போக முடியாது. அதற்குச் சட்டம் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. நானா தன்னுடையதை என்னிடம் தந்துவிட்டுப் பார்சலோடு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். ஒரு கக்கத்தில் சாரம், மறு கக்கத்தில் பூப்போட்ட நைலோன். தூறல் வேறு போடத் தொடங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். காவல்காரன் வந்தான்.

“என்ன நோனா இது?”

கட்டினது, சுற்றினது, துவக்கு... எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை.

“குடை,” என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். நனைந்துகொண்டிருந்த என் தலையைப் பார்த்தான். தன் கூண்டுக்குத் திரும்பிப் போனான்.

நானா வெளியே வர நேரமானது. கண் சிவந்திருந்தது. காலை எடுக்கத் தேவையில்லை என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தழும்பும் நொண்டலும் இருக்கும், ஆனால் நடப்பானாம். அதைச் சொல்லும்போது நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... சொந்தப் பிள்ளை பிழைத்த மாதிரி.

“அண்ணன எங்கெண்டு கேட்டான் டீச்சர்.”

“என்ன சொன்னீங்க?”

“துவக்குக் காட்டுற வரிசை இன்னம் முடியல்ல, அவன் கடைசீல நிக்கிறான், அதான் நான் சோத்தக் கொண்டுவந்தன் எண்டன்.” என் கக்கத்திலிருந்து தன் துவக்கை வாங்கிக்கொண்டார். “கால் ஆறட்டும். பொறகு தெரிஞ்சிக்கிட்டும்.”

பின்னேர பஸ்ஸில் திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். குணபாலவின் வயலுக்கு இனி யார் காவல்? நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிக்கொண்டார், எல்லையில் பரண் போட்டால் ஒரே ஆள் இரண்டு வயலையும் பார்க்கலாம் என்று. பரண் போட்டாகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. கிழிந்த பூச்சேலையைத்தான் தூறலுக்கு மறைப்பாகத் தொங்கவிட்டிருக்கிறார்.

யோசித்துப் பார்க்கிறேன். சட்டப்படி நடந்த நானா குற்றவாளி மாதிரி நின்றார். பிறகு ஆஸ்பத்திரியில் பொய் சொன்னார். நான் வாசலில் பொய் சொன்னேன். அன்று எங்கள் மூவரில் கடைசியில் உண்மை பேசியவன் ஒருவன்தான் — அவனைத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள்.